விடிந்தும் போகாதவர்கள்

கல்லடிப் பழைய பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்களுக்குத் தோணிக்காரர் ஒரு வழி சொல்லித்தருவார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கு, மறுமுனையில் காதை வை, கதைக்காதே. முழுநிலாவாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் கொஞ்ச நேரம் உங்களுடைய மூச்சுத்தான் கேட்கும். அது அடங்கிய பிறகுதான் வாவி வாய் திறக்கும்.

போருக்குப் போய்த் திரும்பியவனைக் கெட்ட கனவு துரத்தும் கதைகளைச் சில்லறைக் காசில் எடுத்த பேய்ப்படங்கள் பல உண்டு. அவற்றையும் இப்படித்தான் பார்க்கச் சொல்வேன். கண்ணால் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரத்தம் தக்காளிச் சாறுபோல இருக்கும், பொய்த்தோல் உரியும் இடம் தெரியும், வியட்நாம் காடு என்று காட்டுவது நியூயோர்க்குக்குப் பக்கத்துப் பற்றையாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திவிடுவீர்கள். காதைக் கொடுத்துப் பாருங்கள்.

முதலில் 'டெத்ட்ரீம்'. 'டெட் ஆஃப் நைட்' என்றும் இதற்குப் பெயர். பொப் கிளார்க் 1972இல் புளோரிடாவின் ஒரு சிற்றூரில் எடுத்த படம், 1974இல் வெளிவந்தது. கதை எளிது. வியட்நாமில் ஆண்டி என்ற இளைஞன் சுடப்பட்டு விழுகிறான். வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது மரண அறிவித்தல் வருகிறது. தாய் அதை ஏற்பதில்லை. மகன் வருவான் என்று பிடித்த பிடியாக நிற்கிறாள். அன்றிரவே அவன் வந்து வாசலில் நிற்கிறான். நீ செத்துவிட்டாய் என்றல்லவா சொன்னார்கள் என்று கேட்கிறார்கள். செத்துத்தான் போனேன் என்கிறான். ஒரு கணம் நிசப்தம், பிறகு குடும்பமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. படத்தில் எனக்கு மிகப் பயமான இடம் இந்தச் சிரிப்புத்தான்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் வீட்டுக்குள். மகன் தன் அறையில் ஆடு கதிரையில் இருந்து ஆடுகிறான். மரம் நெரிபடும் கிரீச் சத்தம் கீழே விறாந்தை வரை கேட்கிறது. தகப்பன் அண்ணாந்து பார்க்கிறார், தாய் பார்க்காததுபோல வேலையைச் செய்கிறாள். இந்த இடத்தில் ஒலியைக் கூட்டி வையுங்கள். காசு குறைந்த இயக்குநருக்கு ஒரு பழைய கதிரை போதும். கதிரை ஆடும்போது வரும் பயத்தைவிட, அது நின்றுபோகும்போது வரும் பயம் பெரிது. எழுந்து எங்கே போனான்?

இந்தப் படத்தை நான் என் பெரியம்மாவோடு பார்த்தேன். படுவான்கரைப் பக்கத்தில் ஒரு வீடு, மழை நாள், சின்ன மடிக்கணினி. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நானும் மொழிபெயர்க்கவில்லை. ஆண்டி வந்து மேசையில் இருந்த காட்சியில் அவர் கேட்ட முதல் கேள்வி: "மறுகா, அந்தப் புள்ள சாப்பிட்டானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை நான் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானும் தாயைப் பார்க்கத் தொடங்கினேன், படமே வேறாகிப்போனது. பிள்ளை நாயைக் கொல்கிறான், ஊரில் ஆட்கள் சாகிறார்கள், அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறாள். களைப்பு என்கிறாள், பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்கிறாள். பிடிவாதத்தால் குடும்பத்தை அழிக்கும் பைத்தியக்காரத் தாய் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மட்டக்களப்பில் இருந்து பார்த்தால் அவளை அப்படித் தள்ளிவைக்க முடியாது. அறிவித்தலை நம்ப மறுத்த தாய்மார் எங்கள் ஊர்களில் இன்னும் கையில் படத்தோடு இருக்கிறார்கள். பெரியம்மாவும் ஒருவர், தொண்ணூறில் காணாமல்போன மகனுக்காக. கடைசிக் காட்சியில் மயானத்தில் தனக்குத் தானே குழி வெட்டி, கல்லில் பெயரையும் கீறிவைத்திருக்கும் மகன் தன்மேல் மண்ணை அள்ளிப் போடுகிறான். தாய் பக்கத்தில் நிற்கிறாள். "அவளுக்கு இடமாவது தெரியும்" என்றார் பெரியம்மா. பிறகு தேத்தண்ணி வைக்க எழுந்து போய்விட்டார்.

தாயாகவும் தகப்பனாகவும் நடித்த லின் கார்லினும் ஜோன் மார்லியும் அதற்கு முன் 1968இல் ஜோன் கசவெட்டிஸின் 'ஃபேசஸ்' படத்தில் பிரிந்துபோகும் தம்பதியாக நடித்தவர்கள். பேய்ப்படத்துக்குள் ஒரு குடும்ப நாடகம் ஓடுவது அதனால்தான். ஒப்பனையில் வேலை செய்த ரொம் சவினி வியட்நாமில் போர்ப் புகைப்படக்காரராக இருந்தவர். ஆண்டியின் தோல் வறண்டு வெடிக்கும் விதத்தை நன்றாகக் கவனியுங்கள். சிதைந்த உடலை நேரில் பார்த்த ஒருவருடைய கை அதில் பட்டிருக்கிறது.

ஆண்டியின் கறுப்புக் கண்ணாடியையும் கையுறையையும் கவனிக்க வேண்டும். உடம்பு அழுகுவதை மறைக்க அவன் அவற்றை மாட்டிக்கொள்கிறான், அழுகல் நிற்க ஊசியால் இரத்தம் ஏற்றிக்கொள்கிறான். போதை ஊசிப் பழக்கத்தோடு ஊர் திரும்பிய பையன்களை அந்தக் காலத்து அமெரிக்கப் பார்வையாளர்கள் இதில் உடனே கண்டிருப்பார்கள். போருக்குப் பிந்திய மனவடுவுக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பெயர் ஏறியது 1980இல். படம் அதற்கு ஆறு ஆண்டு முந்தியது. நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே பேய்க்கதை அதைச் சொல்லிவிட்டது.

உடம்பு சாட்சி சொல்லும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ், தெய்வமாடி வாக்குச் சொல்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். காணாமல்போனவரைப் பற்றிக் கேட்க வரும் உறவினர் முன்னால், அந்த ஆளுக்கு நடந்தது வாக்குச் சொல்பவரின் உடலில் தெரியும். அடியும் நோவும் அங்கே வந்து நிற்கும். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில் கோயில் முற்றத்தில் அது நடந்தது. சடங்கைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஒரு படத்தில் நடிகன் கையை நடுக்குவதற்கும் அந்தக் கை தானாக நடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் உடனே பிடிபடும். அந்தக் கண்ணோடு பாருங்கள். (மட்டக்களப்புக்குப் போனால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பகிடி விடும் யாழ்ப்பாணத்து நண்பர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முதலில் அலறுவது அவர்கள்தான்.)

"எஃபெக்ட் சரியில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் கூத்தைப் பற்றிக் கேட்பேன். வட்டக்களரி, சுற்றிவர ஆட்கள். அபிமன்யுவாக வருபவன் மேலத்தெருப் பையன் என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் முன்னர் திரைக்குப் பின்னால் பிளேன்ரீ குடித்ததையும் பார்த்திருப்போம். அவன் சாகப்போவதும் தெரியும். மத்தளம் மாறி, சல்லரி வேகம் பிடிக்கும்போது வயிறு பிசையாமலா இருக்கிறது? மலிவான படமும் அப்படி ஓர் ஒப்பந்தம்தான். அட்டைக் கிரீடத்தை நீங்கள் மன்னித்தால் அது உங்களுக்கு ராசாவைக் காட்டும்.

ஒப்பந்தத்தின் எல்லையைச் சோதிக்கும் படம் 'கொம்பாட் ஷொக்'. பட்டி ஜியோவினாட்சோ ஏறத்தாழ 40,000 டொலரில் ஸ்ரெட்டன் ஐலண்டில் எடுத்தது, 1986இல் ட்ரோமா நிறுவனம் வெளியிட்டது. நாயகனாக நடித்தவர் இயக்குநரின் சகோதரர், இசையும் அவர்தான். வேலை இல்லை, வீட்டில் சாப்பாடு இல்லை, போர் இரசாயனத்தால் உருக்குலைந்து பிறந்த குழந்தை இரவெல்லாம் இயந்திரம்போல அழுகிறது. முன்னாள் படைவீரன் ஒருவன் தெருத்தெருவாக நடக்கிறான். படத்தில் பாதி அந்த நடைதான். பலர் இதை அலுப்பு என்பார்கள். எனக்கு அந்த நடைதான் படம். போரில் அவன் செய்தது கனவில் வருகிறது, பகலில் வருவது வேலை இல்லை என்ற பதில். குழந்தைப் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும், அழுகைச் சத்தத்தைக் கேளுங்கள். முடிவு கொடியது. பிள்ளை பெற்றவர்கள் கடைசிப் பதினைந்து நிமிடத்தை விட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

காசில்லாமல் செய்யும் தந்திரம் ஒன்றைக் காசுள்ள படத்திலும் பார்க்கலாம். 1990இல் வந்த 'ஜேக்கப்ஸ் லாடர்' படத்தில் தலை வெறிபிடித்து நடுங்கும் உருவங்கள் வரும். கணினி வேலை இல்லை. நடிகர் தலையை ஆட்ட, நொடிக்கு 4 பிரேம் வீதம் பிடித்து, வழக்கமான 24இல் ஓட்டியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் எங்கள் பையன்கள் இந்த ஒன்றைப் படித்தாலே போதும்.

இலங்கையில் இப்படிப் பேய்ப்படம் உண்டா என்று கேட்டால், பேய் என்று பெயர் போடாத படங்களைத்தான் காட்டுவேன். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர', முழுநிலா நாளின் இருட்டு. பார்வையிழந்த கிழவர் ஒருவர், அவருடைய இராணுவ மகன் மூடி முத்திரையிட்ட பெட்டியில் வருகிறான். நட்ட ஈட்டுத் தாளில் கிழவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். கடைசியில் குழியைத் தோண்டுகிறார்கள். உள்ளே வாழைக்குற்றி. 2000இல் அரசு இதைத் திரையிட விடவில்லை, வழக்காடித்தான் வெளியே வந்தது. கிழவராக நடித்த ஜோ அபேவிக்கிரமவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். 'டெத்ட்ரீம்' தாயின் சிங்களத்துத் தமையன் அவர். ஒருத்தி நம்ப மறுத்ததால் பிணம் நடந்து வந்தது. இங்கே ஒருவர் நம்ப மறுத்ததால் பிணமே இல்லை என்று தெரிந்தது. இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள்.

தமிழில் அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012). புனர்வாழ்வு முகாமிலிருந்து ஊருக்கு வரும் முன்னாள் போராளியாக தர்ஷன் தர்மராஜ். ஊர் அவனைப் பார்க்கும் பார்வையில்தான் பேய் இருக்கிறது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்க்கும் ஆட்களை எண்ணுங்கள். ஜாக் ஒடியார் இன்னொரு முன்னாள் போராளியைப் பற்றி எடுத்த 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது, ஷோபாசக்தி நாயகன். அதில் இலைகளுக்குள்ளிருந்து யானை மெல்ல வெளிவரும் கனவு ஒன்று உண்டு. யானை ஒன்றும் செய்யாது, வரும், அவ்வளவுதான். காட்டில் இரவு கழித்தவனுடைய கனவு இப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். கடைசிச் சண்டைக் காட்சியை நான் நம்பவில்லை. அந்த யானையை நம்புகிறேன்.

இந்தப் படங்களுக்கெல்லாம் மூலக்கதை எங்களிடம் இருக்கிறது. பாரதப் போர் முடிந்து பல ஆண்டுக்குப் பிறகு, பிள்ளைகளை இழந்த காந்தாரியும் குந்தியும் கங்கைக் கரையில் இருக்கும்போது, வியாசர் செத்தவர்களைத் தண்ணீருக்குள்ளிருந்து எழுப்பிக் காட்டுகிறார். பகை மறந்து எல்லோரும் ஓரிரவு கூடியிருக்கிறார்கள். விடிந்ததும் திரும்பத் தண்ணீருக்குள் போய்விடுகிறார்கள். பேய்ப்படத்தில் வருகிறவன் விடிந்தும் போகாதவன். அவனைப் போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது என்ன என்று தேடினால் படம் பிடிபடும். சில படங்களில் தாயின் பாசம். சிலவற்றில் அவன் செய்த கொலை. 'கொம்பாட் ஷொக்'கில் வாடகைப் பாக்கி.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இரவில் கத்தி எழும்புகிறவர் இருந்தால் அவரைக் கூட்டிவைத்துக் காட்டாதீர்கள். அவராகவே கேட்டால் பக்கத்தில் இருங்கள், விளக்கைப் போட்டு வையுங்கள், எழுந்து போனால் போகவிடுங்கள். பெரியம்மாவுக்கு நான் காட்டியது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு அகிரா குரோசவாவின் 'ட்ரீம்ஸ்' (1990) படத்தில் சுரங்கப் பாதைப் பகுதி போதும், கால்மணி நேரம். பேய்ப்படமும் இல்லை, மலிவுப் படமும் இல்லை. இருப்பதோ ஒரு சுரங்கம், ஓர் அதிகாரி, ஒரு நாய், கூத்து அரிதாரம்போல நீலம் பூசிய முகங்கள். போர் முடிந்து தனியே வீடு திரும்பும் அதிகாரி சுரங்கத்தைத் தாண்டியதும் பின்னால் சப்பாத்துச் சத்தம். முதலில் ஒருவன் வருகிறான், தான் சாகவில்லை என்று நினைப்பவன். மலையடிவாரத்தில் தெரியும் வெளிச்சம் தன் வீடு, அம்மா காத்திருக்கிறார் என்கிறான். பிறகு அவருடைய படைப்பிரிவு முழுவதும் அணிவகுத்து வந்து நிற்கிறது. நீங்கள் எல்லோரும் செத்துவிட்டீர்கள், என்னை மன்னியுங்கள், திரும்பிப் போங்கள் என்று அவர் கட்டளை இடுகிறார். அவர்கள் திரும்புகிறார்கள். சப்பாத்துச் சத்தம் இருட்டுக்குள் தேய்ந்து இல்லாமல் போகிறது. ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். அதன் பிறகு நாய் மட்டும் திரும்பி வரும்.