சேதுக் கால்வாய் போரில் உதவுமா?

சேது சமுத்திரத் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லி 2023 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இந்தத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே கூடவே ஒரு வாதமும் வரும்: "லாபமோ நஷ்டமோ, நாட்டுப் பாதுகாப்புக்கு வேணும். போர் வந்தா நம்ம கப்பல்கள் இலங்கையைச் சுத்தாம கிழக்கே வந்துடும்."

கேட்க நல்லா இருக்கு. எண்களை வைத்துப் பார்ப்போம்.

2005 ஜூலை 2-ல் தொடங்கிய திட்டப்படி நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். தூத்துக்குடிப் பக்கம் கடல் தானாகவே ஆழம். தோண்ட வேண்டியது ஆதம் பாலத்திலும் பாக் நீரிணையிலும். போர்க்கப்பல்களில் பலவற்றுக்கு 12 மீட்டர் தாராளம். ஆனால் விக்ரமாதித்யா விமானந்தாங்கி தண்ணீருக்குள் 10 மீட்டருக்கு மேலேயே இறங்கி நிற்கும். அடியில் 2 மீட்டர்கூட மிஞ்சாது. நீர்மூழ்கிக்கோ மூழ்கவே இடம் இல்லை. மேலே மிதந்துதான் போகணும். ஒளிந்து போவதற்கென்றே கட்டிய கப்பல் அது!

அடுத்தது அடைப்பு. எங்க தொழிலில் இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம்: ஒரு இடம் போனால் மொத்தமும் போச்சு. சில கண்ணிவெடிகள், மூழ்கடித்த ஒரு கப்பல் போதும். 1956-ல் எகிப்து கப்பல்களை மூழ்கடித்தே சூயஸை அடைத்தது. 1967 போரில் மூடிய சூயஸ் 1975-ல்தான் திறந்தது.

"ஜெர்மனிக்கு கீல் கால்வாய் உதவலையா?" என்று கேட்கலாம். உதவியது. வடகடலுக்கும் பால்டிக்குக்கும் இடையே டென்மார்க்கைச் சுற்றாமல் கடற்படையை நகர்த்தத்தான் 1895-ல் அதைத் திறந்தார்கள். ஆனால் அது நிலத்தில் வெட்டியது. இரண்டு கரையும் ஜெர்மனியுடையது. சேதுவில் கரையே கிடையாது. திறந்த கடலில் மணலை அள்ளிய பள்ளம், பக்கத்திலேயே 1974-ல் போட்ட இலங்கை எல்லைக்கோடு. மணல் திரும்ப வந்து மூடும், ஓயாமல் தூர்வார வேண்டும். சண்டை நடக்கும்போது தூர்வாரிக் கப்பலுக்கு யார் காவல்?

அமைதிக்காலத்தில் பயன் உண்டு, மறுக்கவில்லை. பாம்பன் வழியே நுழைய முடியாத பெரிய ரோந்துக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைக்கும். ஆனால் அது வசதி, அரண் அல்ல.

இதை ஏன் இவ்வளவு நோண்டணும்? 'பாதுகாப்பு' என்ற சொல் வந்ததும் மற்ற கேள்விகள் அடங்கிவிடும். மண்ணைக் கலக்கினால் பவளத்திட்டுகளும், 1961-க்குப் பிறகு குளிப்பே நடக்காத முத்துப் பார்களும் என்ன ஆகும்? மீனவர் வலை எங்கே விழும்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க, போரைக் காரணம் காட்டக்கூடாது.