ஏணியும் புண்ணும்

சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி கூடும், கழித்ததும் சற்றுத் தணியும். பகலிரவு பாராமல் கழிப்பறைக்கு நடை. சோதனையில் கிருமி எதுவும் இருக்காது. நம் ஊரில் நீர்க்கடுப்பு என்று சொல்லி மோரைக் கொடுத்துவிடுவோம். மருத்துவம் வைத்த பெயர் இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ். இந்நோயோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதற்கு அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டியை மருத்துவர்கள் மட்டும் வாசித்தால் போதாது.

சிலருடைய சிறுநீர்ப்பையின் உட்சுவரில் புண் இருக்கும். கை ஹன்னர் என்ற மருத்துவர் 1915இலேயே அதை எழுதிவிட்டார். ஆனாலும் 1978இல் வெளிவந்த கேம்ப்பெல் சிறுநீரியல் பாடநூல் இந்நோயை மனத்தால் வரும் உடல்நோய்களோடு சேர்த்தது. கண்ணால் கண்ட புண்ணைவிடப் பெண்ணின் மனத்தைச் சந்தேகிப்பது எளிதாக இருந்திருக்கிறது.

2011இல் வந்த வழிகாட்டி ஆறு படிகள் கொண்ட ஏணி. முதற்படியில் உணவு மாற்றமும் மன அழுத்தக் குறைப்பும்; ஆறாவதில் சிறுநீர்ப் பாதையையே மாற்றும் அறுவை. ஹன்னர் கண்ட புண்ணைப் பொசுக்குவதும் அதில் ஊசி போடுவதும் மூன்றாம் படி. புண்ணோடு வருபவளும் முதலில் மனத்தை அமைதிப்படுத்திக் காட்ட வேண்டும் என்ற பொருள் இந்த வரிசையில் ஒளிந்திருக்கிறது. மருந்து பலிக்காதபோது நோயாளிதான் அதில் தோற்றார் என்று எழுதுவது ஆங்கில மருத்துவக் குறிப்புகளின் வழக்கம். ஏணியும் இந்த மொழியும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்துகின்றன.

2022 திருத்தம் ஏணியை எடுத்துவிட்டது. எதைத் தொடங்குவது என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவுசெய்யலாம். புண் இருக்கும் என்ற சந்தேகம் எழுந்தால் உள்ளே பார்த்துவிட வேண்டும். இது நல்ல திருத்தம், தாமதமான திருத்தமும்கூட.

மாத்திரையின் கதை வேறு. எல்மிரான் என்ற பெயரில் விற்கப்படும் பென்டோசான், 1996 முதல் இந்நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரே வாய்வழி மருந்து. 2015இல் வெளியான ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. நெடுநாள் உட்கொண்டவர்களின் விழித்திரை பாதிக்கப்படுவது 2018இல் தெரியவந்தது. மருந்துச் சீட்டில் எச்சரிக்கை ஏற 2020 ஆயிற்று.

இதற்கு நேர் எதிரே 2012இல் 81 பெண்களிடம் நடந்த ஒரு சோதனை இருக்கிறது. இறுகிப்போன இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையால் நீவித் தளர்த்தியபோது 59 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டார்கள். உடல் முழுவதற்குமான சாதாரண மசாஜில் 26 விழுக்காட்டினர். இதை விற்க எந்த நிறுவனமும் பிரதிநிதிகளை அனுப்பாது. இதற்கு வேண்டியவை நேரம், பழகிய கை, தொடுவதற்குமுன் பெண்ணின் சம்மதம்.

தசை இறுகிய பெண்ணுக்கு அதை மேலும் இறுக்கும் கீகல் பயிற்சி கூடாது என்று 2011 ஏணியிலேயே எழுதியிருந்தது. அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னதும் இன்றும் பலர் கொடுக்கும் முதல் யோசனை கீகல்தான்.