உடலே கோலமாதல்: மட்சுயி கோசேயின் மட்கலங்கள்

கலையில் அணி என்பது புறத்தேயிருந்து சேர்க்கப்படுவதா, அன்றிப் பொருளின் உள்ளிருந்தே பிறப்பதா என்னும் வினா இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. உருவம், உள்ளடக்கம் என்ற சொற்களால் விமரிசகர் நெடுங்காலமாக வாதித்துவரும் இவ்வினாவுக்கு மண்ணைக் கொண்டே விடை தேடிய கலைஞர் ஒருவர் யப்பானில் வாழ்ந்தார். மட்சுயி கோசேயின் (1927–2003) கலங்கள் அவ்வகையில் ஆராயத்தக்கன.

யப்பானியர் ‘நெரியாகே’ என வழங்கும் முறையில் நிறம் மேற்பூச்சன்று. நிறமூட்டிய களிமண் வகைகளை அடுக்கியும் அறுத்தும் இணைத்தும் பெறப்படும் மண்ணே கலமாகிறது. எனவே வெளிச்சுவரிலுள்ள கோடு சுவரினூடாக உட்புறத்துக்கும் செல்லும். கலம் உடையுமாயின் உடைந்த விளிம்பிலும் அக்கோடு தெரியும். சீனத்தில் தாங் வமிச காலத்திலேயே (618–907) நிறமண்களைக் கலந்து கலங்கள் செய்யப்பட்டன.

இம்முறை இங்கிலாந்தில் அடைந்த மாற்றம் ஒப்புநோக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்ரபோட்ஷயரில் தோமஸ் வீல்டன் முதலியோர் அகேற்றுக் கல்லின் சாயல் தோன்றுமாறு நிறமண்களைக் கலந்து கலங்கள் செய்தனர். 1754 முதல் 1759 வரை வீல்டனின் கூட்டாளியாயிருந்த யோசையா வெஜ்வூட், பின்னர் தம் அலங்காரச் சாடிகள் பலவற்றில் வெளிறிய உடலின் மேல் நிறக் குழம்பைப் பரப்பியே அச்சாயலைப் பெற்றார். சந்தை வேண்டியது கல்லின் தோற்றத்தையே. மண் கல்லாகத் தோன்றுவதே நோக்கமாகும்போது மேற்பரப்பு ஒன்றே போதுமானதாகிவிடுகின்றது.

மட்சுயியின் நோக்கம் வேறு. இபராக்கி மாவட்டத்துக் கசாமாவிலுள்ள கெஸ்ஸோஜி பௌத்த ஆலயத்தின் தலைமைக் குருவாயிருந்த அவர், 1960இல் ஆலய வளவிலேயே சூளை அமைத்தார். பழைய முறைகள் பலவற்றைப் பயின்றபின், 1960களின் பிற்பகுதியில் நெரியாகேயையே தம் துறையாக வரித்துக்கொண்டார். அதில் அவர் எதிர்கொண்ட பெருந்தடை மண்ணின் இயல்பேயாகும். வெவ்வேறு மண் வெவ்வேறு அளவிற் சுருங்கும். உலரும்போதும் சுடப்படும்போதும் அவை பொருந்திய இடங்கள் பிளவுறும். மட்சுயி ஒரே மூலமண்ணை எடுத்து, அதன் பகுதிகளில் உலோக ஒட்சைட்டு முதலிய நிறப்பொருள்களைக் கலந்தார். நிறத்தால் வேறுபட்டும் இயல்பால் ஒன்றுபட்டும் இருந்தமையால் அப்பகுதிகள் பிரியாது நின்றன.

இவ்வாறு பிளவை வென்றவர் பிளவையே மீண்டும் நாடியமைதான் அவரது கலைவாழ்வின் சிறப்பான கட்டம் எனலாம். ‘ஷோரெற்சு’ எனப்படும் கலங்களில் மேற்பரப்பிற் கீறல்களிட்டு, உட்புறமிருந்து அழுத்தி விரிக்க, கீறல்கள் வாய்திறக்கின்றன. கோடைகாலக் குளத்தின் அடிநிலம்போல் வெடித்த அச்சுவரில் நிறக்கோடுகள் முறிந்தும் தொடர்ந்தும் செல்கின்றன. பூச்சுக் கலமொன்று இவ்வாறு வெடித்திருப்பின் பூச்சின் கீழுள்ள வெறுமண் வெளிப்பட்டிருக்கும். இங்கோ வெடிப்பின் உள்ளும் கோலமே தொடர்கிறது. நெரியாகேயின் உண்மை சொல்லால் விளக்கப்படாது கண்ணுக்கே புலனாவது இவ்விடத்திற்றான்.

ஆயினும் உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் மாத்திரத்தால் ஒரு கலம் கலையாகிவிடாது. திருத்தமாக அடுக்கி வெட்டப்பட்ட கோலம் ஒரே அளவில் மீண்டும் மீண்டும் வருமாயின், அது அச்சிட்ட சீலையின் பூவேலையிலிருந்து அதிகம் வேறுபடாது. மட்சுயியின் பிற்காலத்து ‘ஹரிகோ’ கலங்களிலும் இவ்விடர்ப்பாடு ஓரளவு உண்டு. கண்ணாடியொத்த ஒளியும் ஒரு நிறம் மற்றொன்றில் மெல்லக் கரையும் நயமும் அவற்றில் வியக்கத்தக்கன. ஆனால் அங்கே மண்ணின் எதிர்ப்பு மறைந்துவிடுகிறது. பட்டின்மீது வழுக்குவதுபோலப் பார்வை வழுக்கிச் செல்கிறது. தூரிகையாலேயே இதனைச் செய்திருக்கலாமன்றோ என்ற ஐயம் எழுமிடத்து, இம்முறைக்குச் செலவிட்ட உழைப்பு தன் நியாயத்தை இழக்கிறது.

1993இல் யப்பானிய அரசு நெரியாகேக்காக மட்சுயியை ‘வாழும் தேசியச் செல்வம்’ என மக்கள் வழங்கும் சிறப்புக்குரியவராக்கியது. அவரது நுட்பத்தின் அருமை அதனால் உறுதியாயிற்று. ஆனால் நுட்பத்தின் அருமையும் கலையின் பெறுமதியும் ஒன்றல்ல. அவரது கலங்களை மதிப்பிடுவோர், குறையற்று மிளிர்வனவற்றிலும் பார்க்க வெடித்து நிற்பனவற்றையே முன்வைத்தல் பொருத்தமாகும். மண் தன் இயல்பை விட்டுக்கொடாமலே கோலமாகியிருப்பது அவற்றிலேயே.