ஜூன் 30-இல் முடிகிற கணக்கு

லயன்ஸ் சங்கங்களின் நிதி நடைமுறையில் அடித்தளமான விதி ஒன்று உண்டு. உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கில் சேரும். பொதுமக்களிடம் திரட்டியது, திரட்டிய செலவு போக, சேவைக் கணக்குக்கே போக வேண்டும். கண் சிகிச்சை முகாமுக்கென்று கடைவீதியில் வாங்கிய பணத்தில் மாதக் கூட்டத்துக்குச் சாப்பாடு போட முடியாது. முப்பது பேர் கொண்ட சிற்றூர்ச் சங்கத்தை நம்பி வியாபாரிகள் ரசீதுக்குக் கைநீட்டுவதற்கு இந்தப் பிரிவினை பெரிய காரணம்.

கோளாறு காலத்தில் இருக்கிறது. லயன்ஸ், ரோட்டரி இரண்டிலும் தலைவரின் ஆண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. வருமான வரிக் கணக்கோ மார்ச் 31-இல் முடிகிறது. ஒரே தணிக்கைக்குள் இரண்டு பொருளாளர்களின் ரசீதுகள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பதவி முடிவதற்குள் கையிருப்பையெல்லாம் திட்டங்களாக்கிப் பெயர்ப்பலகை வைத்துவிடும் அவசரம்தான் உண்மையான சேதம். பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் கொடுக்கிறார்கள், அடுத்த ஆண்டு ஃபில்டர் மாற்றப் பணம் ஒதுக்குவதில்லை. புதிய தலைவருக்கு அது 'போன வருஷத்து புராஜெக்ட்'. வரவு செலவு அறிக்கை பைசா சுத்தமாக இருக்கும். சங்கம் ஏற்றுக்கொண்ட பொறுப்பு மட்டும் அதில் எந்த வரியிலும் இருக்காது.

ஆண்டுதோறும் தலைவர் மாறுவதில் நன்மையும் உண்டு. கல்லாப்பெட்டியை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. புதியவரோடு புதிய நன்கொடையாளர்களும் வருகிறார்கள். அதை விடச் சொல்லவில்லை; நிதி மட்டும் அந்த ஓராண்டைத் தாண்டி யோசிக்க வேண்டும் என்கிறேன். ரோட்டரி அறக்கட்டளையைப் பாருங்கள்: ஆண்டு நிதிக்கு வரும் நன்கொடையை மூன்றாண்டு முதலீட்டில் வைத்து, பிறகு அதில் ஏறக்குறைய பாதியை ரோட்டரி மாவட்டத்தின் பயன்பாட்டுக்குத் தருகிறது. தலைமையகம் மூன்றாண்டு யோசிக்கிறது, கிளை பன்னிரண்டு மாதம் யோசிக்கிறது. கிளைகளால் முடியாததும் அல்ல. கொங்கு மண்டலத்தில் ரோட்டரி சங்கங்கள் எரிவாயு தகன மேடைகளை நடத்துகின்றன. எரிபொருளும் ஆள் கூலியும் நாள்தோறும் தேவைப்படும் பணி அது. ஜூன் 30-இல் கதவைச் சாத்த முடியாது. ஆகவே அங்கே கட்டணம், பராமரிப்பு, தொடர் நிர்வாகம் என்று நிதி ஒழுங்கு தானாகவே வந்து சேர்ந்தது.

தலைவர் மாறட்டும், பொருளாளரை மூன்றாண்டாவது தொடர விடுங்கள். எந்தத் திட்டத்துக்கும் பராமரிப்புத் தொகையை ஒதுக்காமல் திறப்பு விழாத் தேதி குறிக்காதீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த பதவியேற்பு விழாவில், பழைய திட்டங்களில் எவை இன்று இயங்குகின்றன என்ற பட்டியலையும் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள்.