பஞ்சவாத்தியம்: பாலக்காட்டு ஊர்களின் பேரிசை

கோவையிலிருந்து மேற்கே வாளையார் எல்லையைக் கடந்ததும் தொடங்கும் பாலக்காட்டு மண்ணில் ஊருக்குரிய பேரிசைக்குழு என்று சொல்லத்தக்கது பஞ்சவாத்தியமே. கேரளத் தாளம் என்றாலே செண்டையை நினைப்பது தமிழ் வாசகருக்கு இயல்பெனினும், இதில் செண்டைக்கு இடமில்லை. திமிலை, மத்தளம், இடக்கை ஆகிய தோற்கருவிகளும், இலைத்தாளம் என்னும் வெண்கலத் தாளமும், வளைந்த கொம்பும் சேர்ந்தவையே இவ்வைந்து. (திருவாரூர்க் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் ஐந்து முகம் கொண்ட ஒற்றைக் கருவி; அது வேறு.) சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலில் திமிலை, மத்தளம், இடக்கை மூன்றும் இடம்பெறுகின்றன என்பதால், தமிழர் ஏட்டில் மட்டும் அறிந்த சில பெயர்களை இங்கே காதாலும் அறியலாம்.

கருவிகள் பழையவை, ஆயினும் இன்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒலிக்கும் விரிந்த வடிவம் 1930களில்தான் உருப்பெற்றது. பாரதப்புழைக் கரையை ஒட்டிய திருவில்வாமலையைச் சேர்ந்த மத்தளக் கலைஞர் வெங்கடேசுவர ஐயர், அதாவது மக்கள் அழைத்தபடி வெங்கிச்சன் சுவாமி, தம் மாணவர் மாதவ வாரியருடனும் திமிலை வல்லுநர் அன்னமனட அச்சுத மாராருடனும் சேர்ந்து இதற்குக் கட்டுக்கோப்பு அளித்தார். தொன்மையானது என்று எல்லோரும் கருதும் ஒரு கலையின் முகம் இவ்வளவு அண்மையில் தீட்டப்பட்டது என்பதால் அதன் மதிப்புக் குறைவதில்லை. மாறாக, மரபுக்குள் நின்றபடியே புதிதாகக் கட்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சங்கு முழங்கியதும் தொடங்கும் முதற்கட்டத்துக்குப் பதிகாலம் என்று பெயர். அதன் தாளச் சுற்றுக்கு 896 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை. அடுத்தடுத்த கட்டங்களில் அது 448, 224, 112, 56 எனப் பாதிபாதியாகக் குறைய, காலமோ விரைந்துகொண்டே போகிறது. திமிலை வரிசையும் மத்தள வரிசையும் எதிரெதிரே நிற்க, நடுவே கோலேந்திய நடத்துநர் எவரும் இல்லாமல், பிரமாணி எனப்படும் தலைமைத் திமிலைக் கலைஞரின் கையையும் கண்ணையும் பார்த்தே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே அடியில் இறங்குகின்றனர். வேகம் கூடிய பிற்பகுதிக்கே கைதட்டல் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் பிரமாணியின் தரத்தை உரைத்துப் பார்க்கும் இடம் பதிகாலமே, ஏனெனில் அத்தனை நீண்ட சுற்றைத் தளரவிடாமல் பிடித்து நிறுத்துவது விரைந்து வாசிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். மத்தளக்காரர் வலக்கை விரல்களில் அணியும் பசை தோய்த்த துணி உறை தவில்காரர் அணியும் கூட்டுக்கு உறவானது. இடக்கைக்காரரோ தோளில் தொங்கும் கருவியின் கயிறுகளை இறுக்கியும் தளர்த்தியும் தோற்கருவியிலிருந்தே சுரங்களை வரவழைக்கிறார். ஐந்தில் மிக நுட்பமானதும், கொம்பின் முழக்கத்தில் அடிக்கடி அமுங்கிப்போவதும் அதுவே.

இக்குழு நிலையான சங்கமன்று. விழாதோறும் பல ஊர்க் கலைஞர்கள் பிரமாணியின் அழைப்பில் கூடிப் பிரிவார்கள். பல்லாவூர் அப்பு மாரார், மணியன் மாரார், குஞ்ஞுகுட்ட மாரார் சகோதரர்களால் பாலக்காட்டுச் சிற்றூரொன்றின் பெயர் கேரளமெங்கும் பரவியது. செலவைச் சுமப்பது தேசம், அதாவது கோயிலைச் சூழ்ந்த ஊர்ப்பிரிவு. நெல்லறுவடைக்குப் பின் மீன மாதம் 20ஆம் நாள் நடக்கும் நென்மாறை - வல்லங்கி வேலா என்னும் கோயில் விழாவில் இரு தேசங்களும் யானையிலும் வாணவேடிக்கையிலும் போட்டியிடுவதைப் போலவே வாத்தியத்திலும் போட்டியிடுகின்றன. எந்தப் பக்கம் விஞ்சியது என்ற வழக்கு அடுத்த ஆண்டு வரை தேநீர்க் கடைகளில் தீர்வதில்லை. இந்தத் தோற்கருவிகளைச் செய்வதில் பெயர்பெற்ற பெருவெம்பு கிராமமும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது: அங்கே பலா மரத்தைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி வார் பிடித்து இறுக்கும் குடும்பங்களின் உழைப்பால் பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது, ஆயினும் விழா அறிவிப்புகளில் கலைஞர்களின் பெயர் மட்டுமே அச்சாகிறது.