கியர் ஆயில் வாடை

கியர் ஆயிலின் கந்தக வாடை எனக்குப் பிடிக்கும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து அடியில் படுப்பேன். முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைத்தான் கழற்ற வேண்டும். பழையதை வடித்தபின் அது திறக்காவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பிறகு கீழ் போல்ட். கருத்த ஆயில் தடித்த கயிறாக இறங்கும். காந்தம் பதித்த போல்ட் நுனியில் சாம்பல் நிறப் பசை. விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பேன்: மைபோல வழுக்கினால் நிம்மதி, துணுக்கு நெருடினால் கவலை.

வண்டியின் கையேடு ஜிஎல்-4 தர ஆயில் என்றால் அதுவே வேண்டும். ஜிஎல்-5 வகைகள் சில பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். கீழ் போல்ட்டை மூடிப் புதியதை ஊற்றும்போது, பல வண்டிகளில் அது ஊற்றும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் அளவு சரி.

மறுநாள் விடியலில், இரண்டாவது கியர் முரண்டு பிடிக்காமல் விழுந்தது.