எஞ்சினை வாசித்தல்

கடுகண்ணாவைத் தேசியப் புகையிரத நூதனசாலைக்கு என் மாணவரை அழைத்துச் சென்றேன். 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட அவ்விடத்தில் ஓய்வுபெற்ற நீராவி எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் வண்ணம் பூசப்பட்டு நிற்கின்றன. பழங்கப்பலைத் துறைமுகத்திலே கட்டிவைத்துக் காட்டுவது மேலைநாட்டார் வழக்கம். மலைநாட்டவராகிய நமக்கு எஞ்சினே கப்பல்.

திரும்பியதும் கட்டுரை எழுதச் சொன்னேன். எஞ்சினின் பருமனையும் ஆற்றலையும் எல்லோரும் வியந்திருந்தனர். பாதையை வெட்டியவர் யார் என்று ஒருவரேனும் கேட்கவில்லை. குற்றம் மாணவருடையதன்று. நூதனசாலையையும் ஒரு நூலைப்போல் வாசிக்கவேண்டும் என்பதை நான் கற்பித்திருக்கவில்லை.

இப்பாதை மக்களின் பயணத்துக்கெனப் பிறந்ததன்று. கோப்பித் தோட்டத்துரைமார் தம் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு விரைந்து இறக்க விரும்பினர். 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பர் 27இல் முதல் வண்டி அம்பேபுஸ்ஸவரை ஓடிற்று; 1867இல் பாதை கண்டியை எட்டிற்று. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு 45 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். அலகல்லை மலையின் பாறைகளைக் குடைந்தே வழி பிறந்தது. பொறியியலாளர் மோல்ஸ்வேர்த்தின் பெயரை வரலாறு சொல்லும். ஒப்பந்தக்காரர் பேவியலின் பெயரையும் சொல்லும். கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கோ 1832இலேயே இவ்வூரில் கோபுரம் எழுந்துவிட்டது. பாறையை உடைத்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்த தென்னிந்தியக் கூலிகளுக்கும் அவரோடு உழைத்த மற்றையோருக்கும் கோபுரம் எது?

எஞ்சின்களைப் பேணுவதை நான் குறைகூறவில்லை. இரும்புக் கடைக்கு நிறுத்துக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்! இயந்திரமும் மனித உழைப்பின் திரட்சிதானே. அந்த உழைப்பை மறைத்து இயந்திரத்தை மட்டும் வியக்கும் கண்ணையே நான் மறுக்கிறேன்.

முதல் வண்டி ஓடிய அதே 1864இல்தான் தமிழகத்திலிருந்து தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலெட்சுமி என்னும் கப்பல் கடலில் மூழ்கியது. அதனை எந்தத் துறையிலும் கட்டிவைத்துக் காட்ட இயலாது. சரியாக நூறாண்டின் பின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கியது. தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் தகரப் பெட்டிகளோடு இந்த இறக்கத்தின் வழியே தலைமன்னாருக்குச் சென்றனர்; அங்கே இராமானுஜம் கப்பல் காத்திருந்தது. கோப்பியையும் தேயிலையையும் இறக்கிய தண்டவாளமே அவற்றை விளைவித்தவரையும் இறக்கிற்று.

இவற்றைச் சொல்லிக் கட்டுரையை மறுபடி எழுதச் செய்தேன். ஒரு மாணவி எஞ்சினைப்பற்றி எழுதவே இல்லை. தன் பாட்டியின் தமக்கை ஹட்டன் நிலையத்தில் வண்டியேறிய காலையிலிருந்து தொடங்கியிருந்தாள்.